பானட்டில் மூன்று சந்தனப் பொட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருடமாக ஜெலுத்தோங்கில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே கார்களுக்குப் பாலிஷ் போடுகிறேன், விபத்தில் ஆள் இறந்துபோன கார்கூட வந்திருக்கிறது, ஒன்றும் ஆனதில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

போன வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை பரிமளா அக்கா காரைக் கொண்டுவந்தார். பக்கத்துத் தெருக்காரர். அவர் கணவர் கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தினமும் கடல் பாலத்தைத் தாண்டி இந்த வெள்ளைக் காரில்தான் போய் வருவார். அவர் திடீரென்று மாரடைப்பில் இறந்துபோனதிலிருந்து இரண்டு மாதமாகக் கார் மரத்தடியிலேயே கிடந்ததில், பிசினும் பறவை எச்சமும் பழைய தார்ப் புள்ளிகளும் சேர்ந்து வெள்ளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அக்காவுக்கும் இப்போது பிறையில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை முதல் தடவையாகத் தனியாகப் பாலத்தில் ஓட்ட வேண்டும், நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றார்.

பானட்டில், முன்கண்ணாடிக்குப் பக்கத்தில், மூன்று சந்தனப் பொட்டு. ஆயுத பூஜையன்று அண்ணன், அதாவது அக்காவின் கணவர், மோதிர விரலால் வைத்தது. நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்புதான் இது, பூஜைப் பொட்டை எப்படித் துடைப்பது என்று விட்டுவிடுவோம், வெயில் அதைப் பெயிண்டுக்குள் இறக்கிவிடும். ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. மெஷினில் வெட்டுப்பட்ட தழும்பு அண்ணன் விரலில் இருந்ததாம், அதுதான் அந்தக் கோடு.

"மத்ததெல்லாம் எடுத்துடுங்க தம்பி, இது மூணு மட்டும் இருக்கட்டும் லா," என்றார் அக்கா. "சீட்ல உக்காந்தா இது கண்ணுக்குத் தெரியுது. அவரு கூட வர்ற மாதிரி இருக்கு."

அவர் கண் முன்னாலேயே பொட்டுகளின் மேல் டேப் ஒட்டினேன். சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

நான் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். கழுவிய பிறகு பெயிண்டில் அழுக்கு மிச்சம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க மாட்டேன். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாகத் தடவுவேன். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரிந்துவிடும். அன்று மதியம் நல்ல மழை, கூரையில் ஒரே சத்தம், எனக்குக் கொஞ்சம் தூக்கம் வேறு. தடவிக்கொண்டே போனபோது மூன்று இடம் தட்டுப்பட்டது, தார் என்று நினைத்துக் கண்ணைத் திறக்காமலே தார் கரைக்கிற மருந்தை வைத்துத் தேய்த்தேன், வழுவழுவென்று ஆகும்வரை தேய்த்தேன். கண்ணைத் திறந்தால் டேப் ஈரத்தில் கழன்று கீழே கிடக்கிறது, பானட் பளிச்சென்று இருக்கிறது, என் துணியில் மஞ்சள் கறை.

வீட்டிலிருந்து சந்தனம் எடுத்து வந்து குழைத்து வைத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன், அந்தக் கோட்டுக்கு எங்கே போவது? சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, பொட்டு இருந்த இடத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்தேன். மழைச் சத்தம் மெல்ல மெல்லத் தூரமாகப் போனது. கடையில் சந்தனமே கிடையாது, ஆனால் வாசனை வந்தது, நம்பினால் நம்புங்கள், அப்போதுதான் அரைத்த மாதிரி. காலையிலிருந்து ஸ்டார்ட் செய்யாத காரின் பானட் என் உள்ளங்கைக்குக் கீழே வெதுவெதுப்பாக இருந்தது. பயமே வரவில்லை. கண் சொருகியது, கையை மட்டும் எடுக்க மனம் வரவில்லை.

விழித்தபோது மழை விட்டிருந்தது, அக்கா வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். நான் காரைத் திரும்பிப் பார்க்காமல் நேரே அவரிடம் போனேன்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தப் பொட்டை நான்..."

அவர் என்னைத் தாண்டிக் காரிடம் போய்விட்டார். பானட்டைத் தடவிப் பார்த்தார்.

"என்ன தப்பு தம்பி? அப்படியேதானே இருக்கு."

இருந்தது. மூன்றும் இருந்தன, அதே இடத்தில், பழைய கறையாகவே, நடுவில் அதே கோட்டோடு. மஞ்சள் கறை பட்ட துணி இன்னும் என் தோளில் கிடந்தது. அக்கா சீட்டில் உட்கார்ந்து அந்தப் பொட்டுகளைப் பார்த்தார், கண் கலங்கிச் சிரித்தார், காரை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை பாலத்தைத் தாண்டியும் விட்டார், இப்போதெல்லாம் கடையைக் கடக்கும்போது ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறார்.

அரைத் தூக்கத்தில் பார்த்திருப்பாய் என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், மறுநாள் காலை வரைக்கும். குளித்துவிட்டு வழக்கம்போல மோதிர விரலால் நெற்றியில் சந்தனம் வைத்தேன். காப்பி கொண்டுவந்த மனைவி உற்றுப் பார்த்துவிட்டு, "என்னங்க, பொட்டு நடுவுல கோடு விழுந்திருக்கு?" என்றாள்.

விரலைப் பார்த்தேன். பழைய தழும்பு மாதிரி மெல்லிய கோடு, வலி இல்லை. மருந்தில் தோல் வெடித்திருக்கும் என்று அவள் தினமும் கிரீம் தடவிவிடுகிறாள். நானும் கையை நீட்டுகிறேன். இன்று காலையும் அந்தக் கோடு விழுந்தது, இதோ நெற்றியில் இருக்கிறது, கிட்டே வந்து பாருங்கள்.