வளர்த்திக்கு வாங்காத வண்டி

2025 ஓகஸ்ட் 16, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து, கிணற்று மோட்டரைப் போட்டு, மேல்தொட்டியை நிரப்பினேன். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். நல்லூரில் கொடியேறிய நாளிலிருந்து வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை; பிட்டு அவித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். ஆஸ்பத்திரி மருந்தறையில் எனக்கு அன்று விடுமுறை. கணவர் தோட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிட்டு ஏழு மணிக்கு வந்தார். பிள்ளை அப்போதும் எழும்பவில்லை. முந்திய ஞாயிறு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியிருந்தாள். ஒரு கிழமைக்கு அவளை எழுப்புவதில்லை என்று பேசி வைத்திருந்தோம்.

பிள்ளை என்று நான் எழுதுவது என் தங்கையின் மகளை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கையின் கணவர் முதலில் கனடாவுக்குப் போனார். பிள்ளைக்கு இரண்டரை வயதாக இருந்தபோது தங்கையும் போனாள். ஆறு மாதத்தில் கூப்பிட்டுவிடுவேன் என்று சொல்லித்தான் எங்களிடம் விட்டாள். இப்போது பிள்ளைக்குப் பத்து வயது. இந்த வருடம் சித்திரையில் கொழும்புக்குக் கூட்டிப்போய் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையையும் முடித்துவிட்டோம். அதற்குமேல் எஞ்சியிருந்தது கடவுச்சீட்டை அனுப்பச் சொல்லி வரும் கடிதம் ஒன்றுதான். அது தங்கைக்கு வரும். தங்கை அதைப் பற்றிச் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை. புலமைப்பரிசில் சோதனைக்குப் படிப்பித்தோம். அவள் சேரப்போகாத ஒரு பள்ளிக்கூடத்துக்கான சோதனை அது என்று இருவருக்கும் தெரியும், அதையும் கதைக்கவில்லை.

கனடாவில் பிறந்த தன் தம்பியார் ஏதோ ஒரு வாவிக் கரையில் சிறுவர்களுக்கான நாலுசில்லு மோட்டார்சைக்கிள் ஓடுவதைப் பிள்ளை வீடியோவில் பார்த்திருந்தாள். குவாட் என்று அதற்குப் பெயர். சோதனைக்குப் படிக்கப் பஞ்சிப்பட்ட ஒரு நாளில், "எழுதி முடி, உனக்கும் ஒண்டு வாங்கித் தாறன்" என்று கணவர் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். தெருவில் ஓட விடமாட்டோம். வெங்காயம் கிண்டிய காணி வெறுமையாகக் கிடந்தது, அது போதும்.

வாங்கக்கூடியதாக இருந்தவை இரண்டு. ஒன்று, நகருக்குள் நுழையுமுன் உள்ள கடையில், பெட்டியில் வந்திறங்கிய சீன வண்டி. மற்றது, நகருக்கு அப்பால் கொழும்புத்துறையில் ஒரு வீட்டில் நிற்கும் பழைய யப்பான் வண்டி. பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் எவரும் தலையாட்டும் கொம்பனி. எல்லாவற்றையும் விசாரித்திருந்தேன். ஒவ்வொன்றிலும் யப்பான்தான் மேல். கணவருக்கோ விசாரிக்கவே தேவையில்லை.

"எங்கடை தோட்டத்துப் பம்பும் யப்பான்தான், என்ரை ஐயா வாங்கினது. இண்டைக்கும் ஒரு இழுவையில பிடிக்கும்," என்றார். "வாங்கிறதெண்டால் அப்பிடி வாங்கவேணும்."

சரி, பார்க்காமல் பழி சொல்லக்கூடாது என்று முதலில் கடைக்குப் போனோம். எங்கள் சிறிய லொறியில் பிள்ளை நடுவில் இருந்தாள். கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எந்த ஊர்ச் சாமான் தம்பி?" என்று கணவர் கேட்டார்.

"சீனா, அண்ணை. மறைச்சு என்ன? பேரைப் பாத்தியளெண்டால் அமெரிக்கா மாதிரி இருக்கும். ஸ்ரிக்கர் மட்டும்தான் வடிவா ஒட்டியிருக்கிறாங்கள்."

கணவர் குந்தியிருந்து சட்டத்தின் வெல்டிங் ஒட்டுகளை விரலால் தடவினார். "என்ன தம்பி, ஒட்டு கஞ்சி வடிஞ்ச மாதிரிக் கிடக்கு?"

"குனிஞ்சு பாத்தால்தானே அண்ணை தெரியும்? நீங்கள் நிமிந்து நிண்டு பாருங்கோ."

பிள்ளை சிரித்தாள். சிவப்பு வண்டியில் ஏறி இருந்துவிட்டாள். கால்கள் மட்டாகப் படியில் பட்டன. வேக விசையை எவ்வளவு திறக்கலாம் என்று கட்டுப்படுத்தும் திருகாணியைக் கடைக்காரர் எனக்குக் காட்டினார். திறப்புக்கோர்வையில் சாவியோடு ஒரு சின்ன ரிமோட்டும் இருந்தது. பிள்ளை கட்டுமீறி ஓடினால் பெரியவர்கள் தூர நின்று இயந்திரத்தை நிறுத்தலாம்.

"எவ்வளவு காலம் நிண்டு பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"பொய் சொல்லேல்லை, அக்கா. கொண்டுபோன உடனை எல்லா நட்டையும் ஒருக்கா இறுக்கவேணும். பிறகும் கிழமைக்குக் கிழமை பாக்கவேணும். அப்பிடிப் பாத்தால் ரண்டு வருசம். உழக்கினால் ஒண்டு. அதுக்குப் பிறகு பழைய இரும்புக்காரன் வருவான்."

கணவர் என்னைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று புறப்பட்டோம்.

கொழும்புத்துறை வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். நீர் வற்றிய கடலேரிக் காற்று அவருடைய கராஜ் வரை மணந்தது. வண்டியைக் கட்டைகளில் ஏற்றி, சில்லுகள் நிலத்தில் படாமல் நிறுத்தி, தார்ப்பாய்ப் படங்கால் மூடிக் கட்டியிருந்தார். முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். உள்ளே அது நேற்று வாங்கியதுபோல இருந்தது. பொத்தானை அமத்தியதும் உடனே பிடித்து, ஒரே சீராக ஓடியது. கணவருடைய முகம் மலர்ந்ததை நான் கண்டேன்.

"மகன்ரை குடும்பம் வெளிநாட்டில இருந்து திரும்பி வந்து இஞ்சையே இருக்கப்போறம் எண்டு சாமானெல்லாம் கப்பலில போட்டுக்கொண்டு வந்தவை," என்றார் அவர். "பிள்ளையளுக்குச் சரிவரேல்லை. அடுத்த வருசமே போட்டினம். இதை மட்டும் விட்டிட்டுப் போனவை, லீவுக்கு வந்து ஓடுவம் எண்டு. நான் ஒரு சனிக்கிழமை தப்பவிடேல்லை. காய்ச்சலெண்டாலும் வந்து ஸ்டார்ட் பண்ணிப்போட்டுத்தான் படுப்பன். பதினொரு வருசம்."

உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது: "வித்துத் துலையுங்கோ எண்டு நான் சொல்லத் துவங்கியும் பதினொரு வருசம்!"

"கேட்டியளோ? சனிக்கிழமை எண்டால் உவவுக்கு உதுதான் மந்திரம்."

"பின்னை? பேரப்பெடியன் யூனிவேசிற்றிக்குப் போட்டான். இனி வந்து உதில ஏறுவானோ?"

அவர் பிள்ளையைத் தூக்கி ஆசனத்தில் இருத்தினார். கைபிடியைப் பிடிக்க அவள் முன்னால் சரியவேண்டியிருந்தது. பாதத்தின் நுனிதான் படியில் பட்டது.

"கொஞ்சம் பெரிசுதான்," என்றார். "ரண்டு வருசத்தில அளவா வந்திடும்."

எங்கள் வீட்டில் பிள்ளைக்கு எதையும் வளர்த்திக்குத்தான் வாங்குவோம். பள்ளிக்கூடச் சட்டைக்கு மூன்று அங்குலம் மடித்துத் தைப்பிப்பேன். வருடத்துக்கு ஓர் அங்குலம் அவிழ்ப்பேன். சப்பாத்து ஒரு அளவு கூட. முன்னால் பஞ்சு வைத்துக் கொடுப்பேன். அதனால் அவர் சொன்னவுடன் எனக்கு அது குறையாகப் படவில்லை. பன்னிரண்டு வயதில் சரியாக இருக்கும், பதினாலு வரை ஓடலாம் என்று மனம் அளந்துகொண்டு போயிற்று. கணவரும், "ஓம், ஓம், வளருற பிள்ளைதானே" என்றார்.

"ரண்டு வருசத்தில நான் இஞ்சை நிக்கமாட்டன், அங்கிள்," என்றாள் பிள்ளை. "நான் கனடாவுக்குப் போறன்."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். எங்கள் வீட்டுக்குள் அந்த வசனத்தை யாரும் அப்படி முழுதாகச் சொன்னதில்லை.

"அதுக்கென்ன?" என்றார் அவர் சந்தோசமாக. "பெரியப்பா இஞ்சை கவனமாப் பாப்பார். நீ லீவுக்கு வந்து ஓடலாம்." பிறகு கணவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கிழமைக்கு ஒருக்கா பத்து நிமிடம் ஓட விடவேண்டும். பெற்றோல் குழாயைப் பூட்டி, உள்ளே இருப்பது எரிந்து முடிய விடவேண்டும். சில்லுகளைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடவேண்டும். உப்புக் காற்றுக்கு எண்ணெய்த் துணியால் துடைத்து, படங்கை இறுக்கிக் கட்டவேண்டும். "ஒரு வேலையுமில்லை," என்றார். "பழகினால் அதுவே வந்திடும்."

கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "நிப்பாட்டுங்கோ, ஐயா," என்றார். இயந்திரத்தைத்தான் சொன்னார். வீட்டுக்காரர் நிறுத்தினார்.

கேற்றடியில் அந்த அம்மா பிள்ளைக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தார். என்னிடம், "நீங்கள் எடுக்கமாட்டியள்," என்றார். "போன மாதம் வந்தவையும் உவரின்ரை கதையைக் கேட்டுப்போட்டுத்தான் போனவை."

லொறியில் பிள்ளை பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுறீர்?" என்று கணவர் கேட்டார்.

"சாமான் நல்லது."

"திறம் சாமான். இன்னும் இருவது வருசம் கிடக்கும்."

"கிடக்கும்."

சந்தியில் நிறுத்தியபோது, "என்னால ஏலாதப்பா," என்றார். "சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை."

"என்ன ஏலாது பெரியப்பா?"

"உன்னைத் தூக்கி ஏத்த ஏலாது. பழத்தைத் தின்னு."

எங்கள் ஊரான உரும்பிராய்க்குத் திரும்பும் தெருவை விட்டுக் கடைப்பக்கம் திருப்பினார்.

"என்ன அண்ணை, யப்பான் சரிவரேல்லையோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அது திறமான சாமான்."

"அப்ப?"

"சிவப்பை ஏத்தும், தம்பி."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளைக்குத் தலைக்கவசம் தெரிவு செய்துகொண்டிருந்தேன். அவளுடைய தலைக்கு மட்டான அளவையே எடுத்தேன்.

பின்னேரம் முழுவதும் கணவர் நட்டுகளை இறுக்கினார். நாலரைக்குப் பிள்ளை செம்மண்ணில் முதல் சுற்று ஓடினாள். திருகாணியை நான் பாதிக்குமேல் இறுக்கியிருந்தேன். மனிதர் ஓடும் வேகத்தைவிட அது கூட இல்லை. கணவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஓடினார். மூன்றாம் சுற்றில், சாரத்தை மடித்துக் கட்டப்போன இடத்தில் ரிமோட் அமத்தப்பட்டு வண்டி நடுக்காணியில் நின்றுவிட்டது.

"பெரியப்பா! ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"நான் எங்கை நிப்பாட்டினனான்? சீனாக்காரன் நிப்பாட்டினவன்."

"பொய்! கையில கிடக்கு. பெரியம்மாட்டைக் குடுங்கோ அதை."

அவர் கொண்டுவந்து என்னிடம் தந்தார். மூச்சு வாங்கியது. என் பக்கத்தில் வரம்பில் இருந்தார். பிள்ளை திரும்பத் திரும்பச் சுற்றினாள். எங்களைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கையை எடுத்துக் காட்டினாள். இரண்டு கையாலும் பிடி என்று நானும் ஒவ்வொரு முறையும் கத்தினேன். இருளும் வரை ஓட விட்டோம். அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். புழுதி என்றார். புழுதியும் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. எழுந்ததும் மோட்டரைப் போடவில்லை, முகமும் கழுவவில்லை. முதல் வேலையாகத் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே இன்னும் சனிக்கிழமை பின்னேரம்.

"என்னக்கா இந்த நேரத்தில? பிள்ளைக்கு ஏதுமோ?"

"ஒண்டுமில்லை. படுத்திருக்கிறாள். பாஸ்போட் கடிதம் வந்திட்டுதோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

பின்னால் தம்பியாரின் சத்தமும் தண்ணீர்க் குழாயின் சத்தமும் கேட்டன. அவள் குழாயைப் பூட்டினாள்.

"வந்திட்டுது, அக்கா. போன மாதம் வந்தது. உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் இருந்தனான்."

"சரி, அழாதை," என்றேன். "எப்ப அனுப்பவேணும்? அதைச் சொல்லு."