ஒரு வருஷம் கழித்துக் கழுவுகிறவள்

வெண்ணெயை எடுக்கக் குளிர்பெட்டிக்குள் கையை விடும் ரக்னா, அப்படியே கீழ்த் தட்டில் இருக்கும் டப்பாக்களையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள். மேல் தட்டில் சாப்பாடு. கீழ்த் தட்டு முழுக்கப் பிலிம் சுருள்கள். படம் எடுத்து முடித்த ஒவ்வொரு டப்பாவின் மேலும் நீல மையில் எடுத்த தேதி. அந்தத் தேதிக்கு ஒரு வருஷம் ஆகாமல் எதையும் கழுவ மாட்டாள்.

உலகத்தின் வடகோடியில் இருக்கும் ஹவ்நெஸ் ஊரின் ஒரே மளிகைக் கடையில், ரொட்டி அடுக்குக்குப் பக்கத்தில் இருக்கும் தபால் மேசைதான் அவளுக்குச் சம்பளம் தரும் வேலை. வயது ஐம்பத்தெட்டு. பார்சலை நீட்டும்போது எதிரில் நிற்பவரை, கேமராவில் பார்ப்பதுபோல, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். பழகாதவர்கள் கண்ணடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பழகியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. எழுநூறு பேர் உள்ள மீனவ ஊரில் ஒரு வருஷம் என்பது சின்னக் காலம் இல்லை. அவள் படம் எடுத்தபோது இருந்தவர், அதைக் கழுவும்போது இருப்பார் என்று சொல்ல முடியாது.

“ரக்னா, உன் ஃப்ரிட்ஜ்ல நான் இன்னும் உசிரோடதானே இருக்கேன்?” என்று தினமும் கேட்பது கிழவர் ஹால்டன்.

“வெண்ணெய்க்குப் பக்கத்துல இருக்கே. கெட்டுப்போக மாட்டே.”

“இந்த வருஷம் என்னை விட்டுடு தாயே. கழுவறதுக்குள்ள நான் போயிட்டா சங்கடம் உனக்குத்தான்.”

ஏன் ஒரு வருஷம் என்று கேட்டால் முதலில் தோளைக் குலுக்குவாள். விடாமல் கேட்டால், “எடுத்த சூட்டோட கழுவினா நான் பார்க்க ஆசைப்பட்டதுதான் தெரியும். மறந்தப்புறம் கழுவினா, அங்க என்ன இருந்துச்சோ அது தெரியும்” என்பாள்.

அவளுக்குப் பிடித்த வெளிச்சம், வெளிச்சமே இல்லாத மாதங்களில் வருவது. நவம்பர் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் போனால் ஜனவரி பாதிவரை வராது. நண்பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் ஊர் முழுக்க நீலமாகும். அப்போது யாருக்கும் நிழல் கிடையாது. நிழல் இல்லாத மனிதர்கள் பனியின் மேல் நடப்பதைப் பார்க்க, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வெளியே போய் நிற்பாள். பெரும்பாலும் படம் எடுப்பதில்லை. “சும்மா பார்த்துட்டு வந்தேன்” என்று கையைத் தேய்த்துக்கொண்டு மேசைக்குத் திரும்புவாள்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் தவறாமல் எடுப்பாள். சூரியன் திரும்பும் நாள். ஊரே மீன் காயப்போடும் மேட்டில் கூடி நிற்கும். மலை இடுக்கில் சூரியன் நான்கு நிமிஷம் தலைகாட்டிவிட்டுப் போகும். பிறகு எல்லோரும் ஊர் மன்றத்துக்குப் போய்க் காப்பி குடித்து, ஜாம் வைத்த பன் தின்பார்கள். போன வருஷத்துப் படம் அங்கே சுவரில் மாட்டியிருக்கும். அந்த நான்கு நிமிஷமும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒரே ஆள் ரக்னா. “எல்லாக் கண்ணும் மேல இருக்கும். அப்ப மட்டும் யாரும் முகத்தைச் சரி பண்ணிக்கிறதில்ல.”

போன ஏப்ரலில் மீனவன் ஐலிஃபின் படகு எஞ்சின் ஓடியபடியே தனியாகக் கரை ஒதுங்கியது. ஐலிஃப் வரவில்லை. பத்து நாள் தேடினார்கள். உடலும் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவன் மனைவி யோரிட் தபால் மேசைக்கு வந்தாள். அனுப்பவோ வாங்கவோ அவளிடம் எதுவும் இல்லை.

“சூரிய நாள்ல எடுத்தியே, அந்தப் படத்துல அவன் எங்க நிக்கறான்?”

“ஜனவரிலதான் கழுவுவேன், யோரிட்.”

“தெரியும். போன்ல அவன் படம் ஆயிரம் கிடக்கு. எல்லாத்துலயும் பல்லைக் காட்டறான். அன்னைக்குக் காலைல எங்களுக்குப் பெரிய சண்டை. படகை வித்துடுன்னு சொன்னேன். மேட்டுக்குத் தனித்தனியாதான் போனோம். என் பக்கத்துல வந்து நின்னானா, தள்ளிப் போய் நின்னானா? நான் சூரியனைப் பார்த்துட்டு நின்னுட்டேன். எனக்கு அது தெரிஞ்சாகணும்.”

“இப்பவே கழுவட்டுமா?”

யோரிட் யோசித்தாள். “வேணாம். இருக்கட்டும். அதுவரைக்கும் ரெண்டும் நடந்திருக்கலாம் இல்லையா.”

இந்த ஜனவரியில், சூரிய நாளுக்கு ஐந்து நாள் முன்பு, ரக்னா இருட்டறையில் அந்த டப்பாவைத் திறந்தாள். மன்றத்தில் மாட்ட வேண்டும் என்பதால் சூரிய நாள் சுருளுக்கு மட்டும் வருஷத்தில் அந்த ஐந்து நாள் சலுகை. இருட்டறை என்பது சலவை இயந்திரம் நிற்கும் சின்ன அறைதான். சுருளைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கண்ணாடிபோல இருந்தது. ஒரு முகம் இல்லை, ஒரு கோடு இல்லை. படமே எடுக்காத சுருள்.

இயந்திரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எடுத்து முடித்த சுருளின் நுனியை வெளியே விட்டு மடித்துவைப்பது அவள் அடையாளம். மடிக்காத நுனி என்றால் புதுசு. அன்றைக்கு மைனஸ் பதினெட்டு. அந்தக் குளிரில் பிலிம் சருகாகிவிடும். மடித்த இடம் ஒடிந்து விழுந்திருக்க வேண்டும். அதே பையில் கிடந்த புதுச் சுருளின் நுனியோ கசங்கி வளைந்திருக்கிறது. வளைந்ததன் மேல் ‘சூரிய நாள்’ என்று எழுதினாள். ஐலிஃப் இருந்த சுருளைப் புதுசுகளோடு போட்டுவிட்டாள்.

பிறகு அந்தச் சுருளை எதற்கு எடுத்தாள்? டப்பாக்களைக் கொட்டித் தேடினாள். ஜனவரிக்குப் பிறகு ஒரே ஒரு சுருள்தான் கேமராவுக்குள் போயிருந்தது. அக்டோபர், படகுத்துறை. இரண்டு நாள் நின்று வெறும் கடலை எடுத்தது. அலை, அலை, அலை. புதுசு என்று நினைத்து ஐலிஃபின் மேலேயே எடுத்திருக்க வேண்டும்.

அதைக் கழுவ இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. அன்றைக்கே கழுவினாள்.

பிரிண்ட் போட்ட தாள் தட்டில் மெல்ல நிறம் ஏறியது. பனியும் வானமும் வெள்ளையாகவே நின்றன. முகங்கள் தெளிவாக வந்தன. எல்லாம் மேலே பார்க்கும் முகங்கள். கழுத்துக்குக் கீழேதான் கடல் வந்தது. கறுப்புக் கோட்டு போட்ட ஒவ்வொருவரின் உருவத்துக்குள்ளும் அலை அடித்தது. ஹால்டனின் வயிற்றில் நுரை. யோரிட்டுக்கு முழங்காலிலிருந்து தாடைவரை தண்ணீர். கறுப்பாக இருந்த இடத்தில்தான் இரண்டாவது படம் ஏறும். அது ரக்னாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தட்டின் மேல் மறுபடி குனிந்து பார்த்தாள்.

ஒரே ஒருவன் படகிலிருந்து நேராக வந்திருந்தான். மீனவர்கள் போடும், தண்ணீர் புகாத வெளிர்மஞ்சள் எண்ணெய்த்துணி உடுப்பு, வெயிலில் பனிபோல வெளுத்திருந்தது. அதன்மேல் எதுவும் ஏறவில்லை. ஊரே மூழ்கி நிற்க, ஐலிஃப் மட்டும் நனையாமல் நின்றான்.

ஈரத் தாளைப் பலகையில் வைத்து, துணியால் மூடி, அந்த நீல நண்பகலில் யோரிட்டின் வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

“கெடுத்துட்டேன் யோரிட். ஒண்ணு மேல ஒண்ணு எடுத்துட்டேன்.”

யோரிட் வெகுநேரம் பார்த்தாள். “நாமெல்லாம் முங்கிக் கிடக்கோம். இவன் சொட்டுகூட நனையல.”

“அந்த உடுப்பு வெளுப்பு, அதான். வேற ஒண்ணும் இல்ல.”

“நான் ஒண்ணும் கேக்கலையே.” அவள் விரல் தன் உருவத்தின் மேல் போய் நின்றது. கடலுக்கு நடுவே, தோளின் மேல், வெள்ளையாக ஒரு பட்டை. “இது என்ன?”

ரக்னா உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். “கை. எண்ணெய்த்துணிக் கை. பின்னாலேருந்து போட்டிருக்கான்.”

“என் தோள்லயா?”

“உன் தோள்லதான்.”

யோரிட்டுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. “எனக்குத் தெரியவே இல்ல, ரக்னா. அந்தக் கோட்டு அவ்ளோ தடிப்பு.” பிறகு சொன்னாள்: “மன்றத்துல மாட்டு. வழக்கம்போல மாட்டிடு.”

சூரிய நாளன்று மாட்டினாள். மேட்டுக்குப் போகும் வழியிலேயே ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். “என் வயித்துல மீனே ஓடும்போல இருக்கு” என்றார் ஹால்டன். யாரும் சிரிக்கவில்லை. அவரும் தன் கோட்டின் முன்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே நடந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அப்படித்தான் தட்டிக்கொண்டு போனார்கள்.

மேட்டில் காற்று கிழித்தது. ரக்னா சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கேமராவைக் கண்ணில் வைத்தாள். மலை இடுக்கு சிவந்ததும் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. நடுவில் யோரிட் கோட்டின் பித்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏய், உனக்கென்ன பைத்தியமா? விறைச்சுப் போயிடுவ!” என்று யாரோ கத்தினார்கள்.

யோரிட் கோட்டைக் காலடியில் போட்டுவிட்டு, மெல்லிய சட்டையோடு, பின்னாலிருந்து ஒரு கைக்குக் காத்திருப்பவள்போல, தோளை நிமிர்த்தி அசையாமல் நின்றாள்.

நான்கு நிமிஷத்தில் ஒன்று போய்விட்டது. ரக்னா கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள். கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டு, யாரும் பார்க்காத அந்த இடத்தில், தன் தடித்த கறுப்புக் கோட்டின் பித்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.