பட்டா உள்ளவர்களுக்கு மட்டும் ஓட்டு

மலர்க்கொடியை எங்கள் ஊரில் மெம்பரம்மா என்பார்கள். வலங்கைமானுக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு அக்கரையில் உள்ள கிழக்குத் தெருவின் வார்டு உறுப்பினர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தவர். கணவர் கோவிந்தராசுவுக்குச் சிறுநீரகம் பழுதானதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் கும்பகோணத்தில் டயாலிசிஸ். அக்கரைக்கு வண்டி வராது. வாய்க்காலின் குறுக்கே போட்ட தென்னை மரத்தின் மேல் இரண்டு பேர் அவரைத் தாங்கிக்கொண்டு வருவார்கள். 2023 ஐப்பசி மழையில் வழுக்கி, மனிதர் தண்ணீரிலேயே விழுந்துவிட்டார்.

2024 குடியரசு நாள் கிராம சபையில், ஊராட்சியிடம் ஒரு பாலத்துக்குத்தான் நிதி இருந்தது. கிழக்குத் தெருவுக்குப் பாலம் வேண்டும் என்று மலர்க்கொடி எழுந்து நின்றார். தெற்கு வயலுக்குத்தான் வேண்டும் என்றார், அங்கே சாகுபடி செய்யும் சிங்காரவேலு. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சம்பா சாய்ந்து கிடக்க, அறுவடை மெஷின் இறங்க வழியில்லை.

பேச்சு நீண்டது. சிங்காரவேலு சலித்துப்போனார்.

"சுதந்திரம் வந்தப்பவே பட்டா உள்ளவனுக்கு மட்டும்தான் ஓட்டுன்னு சட்டம் எழுதியிருக்கணும். வெள்ளைக்காரன் காலத்துல சொத்து இருக்கறவன், வரி கட்டுறவனுக்குத்தானே ஓட்டு? அப்படியே விட்டிருந்தா, டீ ஆறுறதுக்குள்ள இந்தக் கூட்டம் முடிஞ்சிருக்கும்."

கூலி வேலைக்குப் போகும் கிழக்குத் தெருக்காரர்கள் மெம்பரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மலர்க்கொடி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"சரிங்கய்யா, அப்படித்தான் எழுதிட்டாங்கன்னு வச்சுக்குவோம். பட்டா உள்ளவங்கல்லாம் கையத் தூக்குங்க, பாப்போம்."

முதல் கை சிங்காரவேலுவுடையது. நன்றாக உயரத் தூக்கினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி ஞானாம்பாளின் குரல் வந்தது. "கைய எறக்குங்க! நம்ம நெலம் கோயில் குத்தகை. பட்டா சாமி பேர்லல்ல இருக்கு?"

சிரிப்பு எழுந்தது. "வீடு இருக்குல்ல?" என்றார் சிங்காரவேலு.

"அதுவும் கோயில் மனைதான். வருசா வருசம் வாடகை கட்டுறது யாராம்?"

அப்புறம்தான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஊர் நிலம் முழுக்கக் கோயிலுடையது. ஒரு கைகூட மிஞ்சவில்லை.

"அப்ப ஊர்ல ஒரே ஓட்டு சாமிக்குத்தான்" என்றார் யாரோ.

ஊராட்சிச் செயலர் புகழேந்தி தொண்டையைச் செருமினார். "அதுவும் செல்லாதுங்க. சட்டப்படி சாமி மைனர்."

சிங்காரவேலுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அரசமைப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பாடமாகப் படித்திருக்கிறேன். அது வேறுமாதிரி எழுதப்பட்டிருந்தால் எங்கள் ஊர் எப்படி இருந்திருக்கும் என்பதை அந்தச் சில நிமிடங்களில்தான் கண்டேன். பந்தல் நிறைய ஆட்கள், ஓட்டுப் போட ஒருவரும் இல்லை. படிக்காதவர், நிலமில்லாதவர், பெண்கள் என்று யாரையும் விட்டுவிடாமல் எழுதியவர்களை அன்று மனதுக்குள் கும்பிட்டேன்.

பிறகு உண்மையான வாக்கெடுப்பு நடந்தது. கிழக்குத் தெருப் பாலத்துக்கு எதிராகச் சிங்காரவேலு மறுபடி கையைத் தூக்கினார்.

"எனக்கும் ஒரு ஓட்டு இருக்கு, மெம்பரம்மா. எதிர்ப்புன்னு எழுதச் சொல்லு."

"எழுதிக்கங்க புகழேந்தி. ஐயா ஓட்டு, விட்டுப்போயிடக் கூடாது" என்றார் மலர்க்கொடி.

ஞானாம்பாள் பாலத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார். கணவர் முறைத்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. சில கைகள் கூடுதலாக இருந்ததில் தீர்மானம் நிறைவேறியது. மலர்க்கொடி எழுந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஐப்பசிக்குள் பாலம் முடிந்தது. முதல் தடவை வாடகைக் கார் வாசலுக்கே வந்து நின்றபோது, கோவிந்தராசு யாரையும் பிடிக்கவிடவில்லை. தானே நடந்துபோய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"கண்ணாடிய எறக்கி விடுப்பா" என்றார் டிரைவரிடம். "தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லிட்டுப் போகணும்."