கணு இல்லாத இலை

பிளேடை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, கீழிருந்து மூன்றாவது இலையின் காம்பைப் பிடித்தபோது வாசல் மணி அடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. வெட்டி முடித்த பிறகுதான் போய்க் கதவைத் திறந்தாள்.

கொழுந்தன் தோளில் பையோடு நின்றிருந்தான்.

"என்ன அண்ணி, கையில பிளேடோட வரவேற்கிறீங்க?"

"உங்க அண்ணன் கேட்டதைத்தான் வெட்டிக்கிட்டிருக்கேன். உள்ள வாங்க தம்பி."

அவனுக்கு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கும் வேலை. நாற்காலியில் உட்கார்ந்ததும் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டது. எங்கே உட்கார்ந்தாலும் அவனுக்கு ஒரு பிரேக் வேண்டும்.

"ஃபேன் போட்டுக்கட்டுமா?"

"வேண்டாம். காத்து பட்டா இலை ஓரம் கருகிடும்."

"நான் கருகினா பரவாயில்லையா?"

அவள் துண்டை எடுத்துப் போட்டாள். "நீங்க துடைச்சுக்கலாம். அதால முடியாது."

"நல்லா வாச்சது உங்களுக்கு. மகாராணிக்குப் பணிவிடை" என்று சொல்லிக்கொண்டே கழுத்தைத் துடைத்தான்.

மகாராணி என்று பேர் வைத்தவன் அவன்தான். செடி ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி, தேங்காய் நார் சுற்றிய கழியைப் பற்றிக்கொண்டு கூரைக்கு ஒரு சாண் கீழே வரை ஏறியிருந்தது. இலைகள் கரும்பச்சை, தொட்டால் வெல்வெட். புது இலை மட்டும் செம்பு நிறத்தில் வரும், பிறகு மெல்ல இருளும். ஊரில் இருந்த நர்சரிகளில் படத்தைக் காட்டிக் கேட்டபோது எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, அங்கிருந்தவர்களிடம் கெஞ்சி வாங்கி வந்த விரல் நீளத் துண்டுதான் இவ்வளவும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு வேறு ஊரில் வேலை என்று போனான். அங்கே கட்டடங்கள் உயரம், லிஃப்டுகள் அதிகம். ஆறு மாதம் என்றான். அதற்கு முந்தைய ஒரு வருடம் இருவரும் சாப்பிட வா, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. பிரிந்துவிட்டோம் என்று யாரிடமும் சொல்லவில்லை, ஒருவரிடம் ஒருவர்கூட. செடி பஸ் பயணம் தாங்காது. "வெளிச்சமா ஒரு ரூம் கிடைச்சதும் வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வாக்கியத்தை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

புது இலை விரிந்தால் படம் அனுப்புவாள். கட்டை விரல் ஒன்று பதிலாக வரும். ஒரு தடவை அடியிலை மஞ்சளானது. அந்தப் படத்தை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் கூப்பிட்டான். வேரைப் பார்த்தாயா, தண்ணீர் தேங்குகிறதா, நாரை நனைக்கிறாயா, இலையை நனைக்கிறாயா என்று அவ்வளவு நேரம் பேசினான். கடைசியில், "நீ சாப்பிட்டியா?" என்றும் கேட்டான். அதற்கப்புறம் ஒருமுறை, வெயில் காற்று வீசிய மத்தியானத்தில் அவள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு டூட்டிக்குப் போனாள். வேண்டுமென்றேதான். ஒரு இலை ஓரம் காய்ந்தது, படம் அனுப்பினாள். போன் வந்தது. ராத்திரி அந்த இலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுபடி அப்படிச் செய்யவில்லை.

போன வாரம் அவனாகவே கூப்பிட்டான்.

"முழுச் செடி வேண்டாம். ஒரு கணு போதும். தம்பி இங்க வர்றான், குடுத்தனுப்பு. உனக்கும் எதுக்கு தொந்தரவு?"

கணு என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். தண்டில் இலை கிளம்பும் முட்டி அது. வேரும் அடுத்த துளிரும் அங்கிருந்துதான் வரும். கணு இல்லாமல் வெறும் இலையைக் காம்போடு வெட்டித் தண்ணீரில் வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும், சமயத்தில் வேர்கூட விடும். அடுத்த இலை மட்டும் வரவே வராது.

மணி அடித்தபோது அவள் வெட்டியது வெறும் இலை.

அதை ஈரத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸிங் அறை நர்ஸ் அவள். கை தானாகக் கட்டுப் போட்டது.

"ஆபரேஷன் முடிஞ்சுதா? பேஷன்ட் பிழைக்குமா?" என்றான் கொழுந்தன்.

"பிழைக்கும்."

"அண்ணன் வீடு மாத்திட்டான், சொன்னானா? போன மாசம் போயிருந்தேன். மாடி. ஜன்னல் இந்தச் சுவர் அளவுக்கு. காலையிலயே கண் கூசுது."

அவள் கை நின்றது. வெளிச்சமான அறை கிடைத்தாயிற்று.

"யார் சமைக்கிறா?"

"அவனேதான். வாயில வைக்க முடியல."

"தனியாவா இருக்கார்?"

"தனியாத்தான் அண்ணி. வேற யாரு வருவா அவன்கூட?" சொன்னதும் அவன் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது.

அவள் மீண்டும் செடியிடம் போனாள். நான்காவது இலைக்குக் கீழே தடித்த கணு ஒன்று இருந்தது, காற்று வேர் நாருக்குள் நன்றாக இறங்கியிருந்தது. இதை வெட்டிக் கொடுத்தால் அவன் வீட்டில் ஒரு மகாராணி வளரும். கூரை வரை ஏறும். அவன் கை அப்படி. பிறகு மஞ்சளான இலையைப் பற்றி அவளிடம் கேட்க எதுவும் இருக்காது. பிளேடைக் கணுவுக்குக் கீழே வைத்தாள். வைத்தபடி நின்றாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி."

பிளேடை எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்தாள். துணியில் சுற்றிய வெறும் இலையை அட்டைப் பெட்டிக்குள் படுக்க வைத்து, மூடியில் இரண்டு துளை போட்டுக் கொடுத்தாள்.

"மடியிலயே வச்சுக்குங்க. படுத்துத் தூங்கிடாதீங்க."

"மகாராணியை மடியில வச்சுக்கிட்டு எவனுக்குத் தூக்கம் வரும்?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் அவளுக்குக் காலை டூட்டி. ஒருவருக்குக் கால் புண்ணைக் கழுவிக் கட்டினாள். ஒரு அம்மாவுக்குத் தையல் பிரித்தாள். பஞ்சு தீர்ந்துபோய் ஸ்டோருக்கு ஆள் அனுப்பினாள். பதினொரு மணி வாக்கில் கணவன் கூப்பிட்டான்.

"கணு இல்லையே" என்றான்.

"ஆமா."

அவனுக்குப் பின்னால் ஒரு லிஃப்ட் கதவு மூடித் திறந்தது.

"தண்ணியில வச்சிருக்கேன்" என்றான்.

"நாலு நாளைக்கு ஒருதரம் தண்ணி மாத்துங்க. காம்பு வழவழன்னு ஆச்சுன்னா கழுவிட்டு வைங்க. ஜன்னலுக்கு ரொம்பப் பக்கத்துல வேண்டாம்."

"சரி."

"வாடுற மாதிரி இருந்தா கூப்பிடுங்க."

"கூப்பிடுறேன்" என்றான்.

அடுத்த நோயாளி கதவருகே நின்றிருந்தார். அவள் கையைக் கழுவிக்கொண்டு புதுக் கையுறை மாட்டினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாரை நனைத்தாள். வெட்டிய இடம் காய்ந்திருந்தது.