கண்ணாடிக்குக் கீழே கொஞ்சம் இடம்

"இனி வர்ற ஆபீசெல்லாம் இப்படித்தான் இருக்கும், பாத்துக்கங்க" என்று, பூச்சுகூடக் காயாத சுவரைத் தட்டிக்காட்டிச் சொன்னார் எங்கள் முதலாளி. எண்பதுகளின் தொடக்கம். திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்தவர் அவர். வண்டிகள் எல்லாம் வடநாட்டில் ஓடின. அங்கே போகிற கடிதங்களை டைப் அடிக்கிற வேலை எனக்கு. வண்டி விஷயமாகப் பம்பாய் போனவர், அங்கே ஒரு கம்பெனியில் வேலையாட்கள் ஓய்வெடுக்கத் தனி அறை இருப்பதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பியதும் கொத்தனாருக்கு ஆள் விட்டார்.

அறை நன்றாகத்தான் இருந்தது. மின்விசிறி, வயர் பின்னிய நாற்காலிகள், டீ குடிக்கப் பீங்கான் கோப்பைகள். அதற்கும் முதலாளியின் அறைக்கும் நடுவில் இடுப்பளவு சுவர், மேலே முழுக்கக் கண்ணாடி. பம்பாயில் அப்படித்தான் இருந்ததாம். பம்பாய்க்காரர்கள் முதலாளியைப் பார்த்தால் என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் முதலாளி தலை தெரிந்தால் எழுந்து நிற்போம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கால் தானாக எழும்.

அவரோ ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத மனிதர். போனில் பேசி வைத்ததும் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். அவர் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நாங்கள் எழுந்தோம், உட்கார்ந்தோம், மறுபடி எழுந்தோம். உக்காருங்க என்று ஒரு கை காட்டியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை. எழுகிற அவசரத்தில் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்ட கேஷியர், "ஏனுங்க, இதுக்கு வேலையே தேவலையாட்ட இருக்குதுங்க" என்றார். கொஞ்ச நாளில் ஆண்கள் எல்லாரும் எதிர்க் கடை பெஞ்சுக்கே போய்விட்டார்கள்.

நான் எங்கே போவது? ஒரு பெண் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார முடியுமா? அதுவும் வயிற்றில் பிள்ளையோடு. அதற்கு முந்தி ஒன்று ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. "மத்தியானம் கொஞ்ச நேரம் படுத்தே ஆகோணும். முடியாதுன்னா வேலைய உட்டுரு" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாமியார் பின்பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விட்ட வேலை திரும்பக் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பிள்ளையும் வேண்டும், வேலையும் வேண்டும். ஒன்றை விடு என்றால் எதை விடுவேன்? அந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். "அந்தக் கண்ணாடிக்கு ஒரு ஸ்கிரீன் போட்டாத் தேவலைங்க."

சிரித்துவிட்டார். "ஸ்கிரீன் போடறதுக்கா அம்மிணி கண்ணாடி வாங்குனேன்? இங்க மறைக்கறதுக்கு என்ன இருக்குது?"

படுக்க வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒரு மத்தியானம் டிபன் பாக்ஸ் மூடி உருண்டு கண்ணாடிச் சுவரோரம் போய் நின்றது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். முதலாளி தலை தெரியவில்லை. எனக்கு அவர் தெரியாவிட்டால் அவருக்கும் நான் தெரிய மாட்டேன்! மறுநாளே ஒரு பழைய போர்வையைக் கொண்டுவந்து சுவரை ஒட்டி விரித்தேன். அந்தப் பக்கம் அவர் போனில் யாரையாவது வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் நான் வயிற்றில் கை வைத்துப் படுத்திருப்பேன். சுகமாகத் தூக்கம் வந்தது.

ஆனால் அவர் பக்கமிருந்து பார்த்தால் அறை காலி. ஒரு நாள் நான் படுத்திருக்கும்போதே அவர் குரல் கண்ணாடிக்கு மிக அருகில் கேட்டது. "ஆசையாக் கட்டி வெச்சேன், ஒருத்தரும் உள்ளயே போறதில்ல. நாளைக்கு நாற்காலிய எல்லாம் எடுத்துப்போட்டு ரிக்குச் சாமான அடுக்கிருங்க."

"சரிங்க" என்றது கேஷியரின் குரல். நான் அங்கே படுப்பது கேஷியருக்குத் தெரியும். சொல்லிவிட்டு ஒரு முறை இருமினார். இருமத் தெரிந்தவருக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா என்று எனக்கு அப்படி ஒரு கோபம். பேசாமல் கிடந்தால் நாளை முதல் படுக்க இடமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தேன். கொண்டை அவிழ்ந்து, சேலை கசங்கி, வயிறும் நானுமாக முதலாளிக்கு எதிரே நின்றேன்.

"நான் இருக்கறனுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். திரும்பி நாற்காலிக்குப் போய்விட்டார். மறுநாள் ரிக் சாமான் வரவில்லை, பெயின்டர் வந்தான். கண்ணாடி முழுவதும் பச்சை அடித்துவிட்டுப் போனான். கேட்டபோதே செய்திருந்தால் என்னவாம்?

ஒன்பதாம் மாதம்வரை வேலைக்குப் போனேன். மகள் பிறந்தாள். அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போன அன்று, ஆண்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், ஓய்வறைக் கதவைத் திறந்தேன். நான் படுக்கிற அதே சுவரோரம் துண்டை விரித்து முதலாளி தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் மேல் ஒரு கண் வைத்திருக்க அவருடைய அறைக்கு ஆபீஸ் பக்கமும் கண்ணாடிதான் வைத்திருந்தார். அவர் கட்டிய கட்டடத்தில் அவருக்கும் தலை சாய்க்க வேறு இடமில்லை.

வளையல் சத்தம் கேட்டு வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சுவரோடு ஒட்டி எனக்கு முன்னால் நின்றார்.

"உக்காருங்க" என்றேன்.