மதினி பின்னால் இருந்தால் பயமில்லை

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் என் வீட்டுக்காரரின் சைக்கிள் திரும்பினால் போதும், ஓடிக்கொண்டிருக்கும் தறியெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோகும். சங்கரன்கோவிலில் பகலில் தறிச் சத்தம் நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. கரண்ட் போக வேண்டும், இல்லையென்றால் இவர் வர வேண்டும்.

மனுஷன் ஒரு பாவமும் அறியாதவர். ஊருக்கு வெளியே இருந்த நூல் மில்லில் பாதுகாப்பு அதிகாரி. மெஷினில் யாரும் அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான் உத்தியோகம். ஆனால் யாராவது அடிபட்டுவிட்டால், வீட்டுக்குப் போய்ச் சொல்லும் வேலையையும் மேனேஜர் இவர் தலையிலேயே கட்டிவிட்டார். "நீங்கதான் பக்குவமாச் சொல்லுவீங்க" என்று ஐஸ் வைத்தே அனுப்பிவிடுவார். எழுபதுகளின் கடைசி அது. ஆம்பிளைகள் மில்லில், பொம்பிளைகள் வீட்டுத் தறியில்; அந்த வீடுகளில் ஏது போன்? இவர் சைக்கிள்தான் தந்தி.

"அடிபடாம பாக்கதுக்குச் சம்பளமா, அடிபட்டதைச் சொல்லுததுக்குச் சம்பளமா?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன், மனுஷன் உருகிக்கொண்டிருந்தார். நான் அணைத்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வை மறுபடியும் போய் அணைப்பார். கிணற்றடியில் நான் வாளியை இறக்கினால் பின்னாலேயே வந்து நிற்பார். தட்டில் சோறு காய்ந்துபோகும். டாக்டரிடம் கூட்டிப்போனேன். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனசுக்குச் சீக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அப்போது வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

ஒரு நாள் பஞ்சு பிரிக்கும் மெஷினில் ஒருவருக்கு விரல் போய்விட்டது. இவர் சொல்லப் போனார். அடிபட்டவரின் பெண்டாட்டி மாசமாக இருந்தாள். தெருக் குழாயில் குடத்தோடு நின்றவள், இவர் சைக்கிளைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். இவர் இன்னும் வாயையே திறக்கவில்லை. நல்லவேளை, வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் இவர் விழுந்துவிட்டார். லீவு சொல்லி அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவர், அப்படியே கிடந்தார். கேட்டால் ஒரே பேச்சு: "என் மூஞ்சியப் பாத்தா ஊரே பயப்படுதுட்டி. நான் எதுக்கு வெளிய வரணும்?"

வேலை போனால் போகட்டும், கூழோ கஞ்சியோ குடித்துக்கொள்ளலாம். ஆள் போய்விடுவாரோ என்றுதான் பயந்தேன். நாள் போகப்போக எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, இந்த ஊர் மேல். ஒரு சாயங்காலம் கூடையை எடுத்துக்கொண்டு, "எந்திரிங்க, கடைக்குப் போகணும். என்னால இவ்வளவு தூரம் நடக்க முடியாது" என்றேன். பொய்தான். தலையெழுத்தே என்று எழுந்து வந்தார். நான் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"கடை இந்தப் பக்கம்லா இருக்கு?"

"நான் சொல்லுத பக்கம் ஓட்டுங்க."

அடுத்த தெருவுக்குள்ளேயே திருப்பச் சொன்னேன். முதல் தறி நின்றது. அடுத்தது நின்றது. ஒரு அக்கா தலைவிரிகோலமாக, "ஐயோ, யாருக்கு அண்ணாச்சி?" என்று ஓடி வந்தாள். நான் கேரியரில் இருந்தபடியே கத்தினேன்: "யாருக்கும் ஒண்ணுமில்ல! கத்திரிக்கா வாங்க வந்தோம்!"

தெரு அப்படியே திகைத்து நின்றது. அப்புறம் அந்த அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஏ மதினி, கத்திரிக்கா வாங்க தறிகாரன் தெருவுக்கா வந்திய? உயிரே போயிட்டு எனக்கு!"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. இவரும் சிரித்தாரா என்று எட்டிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. ஆனால் சைக்கிளைத் திருப்பவும் இல்லை.

அதிலிருந்து வாரம் தவறாமல் தெருத் தெருவாகப் போனோம். காரணத்துக்கா பஞ்சம்? ஒரு நாள் முருங்கைக்காய், ஒரு நாள் சும்மா. கொஞ்ச நாளில் பெண்கள் தாங்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். சைக்கிள் வந்தால் முதலில் பின்னால் பார்ப்பார்கள். அண்ணாச்சி பெண்டாட்டி நான் எல்லாருக்கும் மதினி; மதினி இருந்தால் பயமில்லை, தறி ஓடலாம். இவரை நிறுத்தி வைத்து, "எங்க வீட்டு ஆளு மூக்குல துணி கட்டாம பஞ்சுக்குள்ள நிக்காவ, நீங்க நல்லா நாலு ஏச்சு ஏசுங்க அண்ணாச்சி" என்று புகார் சொன்னார்கள். இவரும் பதில் பேச ஆரம்பித்தார். லீவு முடிந்து மில்லுக்கும் போனார்.

எனக்கு ஒரு பயம் மட்டும் போகவில்லை. மறுபடியும் ஒருவர் அடிபட்டால்? இவர் தனியாகத்தானே போயாக வேண்டும்?

அந்த நாளும் வந்தது. ஒரு மெஷினின் பெல்ட் அறுந்து அடித்து, ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னபோது இவர் ஏற்கனவே அந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாராம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனுஷன் திரும்பி வந்து மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

இருட்டும் நேரத்துக்கு வந்தார். வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். "பெல்ட்டுக்கு மூடி போடுங்கன்னு எத்தனை தடவை சொல்லுதேன்! நாளைக்கு மூடி போடாம அந்த மெஷின் ஓடட்டும் பாப்போம்!" இத்தனை நாளாகச் செத்துக் கிடந்த கோபம் அது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு மெதுவாகக் கேட்டேன். "அந்த வீட்டுல என்ன சொன்னாவ?"

அவர் உட்கார்ந்தார். "தனியா வாரத பாத்ததும் அவன் அம்மைக்கு வெளங்கிட்டு. உசுரு இருக்கான்னு கேட்டா. இருக்கு, கால்தான்னு சொன்னேன். கண்ணத் தொடச்சிட்டு அவ என்ன சொன்னா தெரியுமா? உக்காருங்க அண்ணாச்சி, தண்ணி குடிங்க, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போவோம்ன்னா."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "எத்தனை வீட்டு வாசல்ல நின்னுருக்கேன். உக்காருங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்லட்டி."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழாதீங்க என்று நான் சொல்லவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே அழுதேன்.

மறுநாள் லீவு சொல்லவில்லை. மேனேஜரோடு சண்டை போட வேண்டும் என்று சீக்கிரமாகவே கிளம்பிப் போனார்.