பிரீசர் காணாத மீன்

நோர்வேயின் வடமுனையில், ஒரு மீன் தொழிற்சாலையில், விலங்கியல் பட்டதாரியான நான் புழு பொறுக்கினேன். கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் கண்ணாடி மேசையில் கொட் மீனின் சதைத் துண்டுகள் வந்துகொண்டிருக்கும். சதை பால்போலத் தெரியும். புழு கறுப்பாகச் சுருண்டு கிடக்கும். சாவணத்தால் இழுத்துப் போட வேண்டும். எண்ணச் சொல்லி எவரும் கேட்கவில்லை. நானே எண்ணினேன். மேசையைச் சுற்றி நின்ற எட்டுப் பேரில் ஆறு பேர் யாழ்ப்பாணத்தார், அதில் மூவர் பட்டதாரிகள். புழுக்களுக்கு அத்தகைய மரியாதை வேறெங்கும் கிடைத்திராது.

புழுவின் வாழ்க்கையும் எங்களுடையதைப் போன்றதுதான். முட்டை குளிர்கடலில் மிதக்கும். குஞ்சுப் புழுவைச் சிறிய இறால் விழுங்கும், இறாலை மீன் விழுங்கும். மீன் அதற்கு வீடல்ல. மீனைச் சீல் என்ற கடல்நாய் தின்றால்தான் சீலின் வயிற்றில் வளர்ந்து குடும்பமாகும். அதுவரை விசாவுக்குக் காத்திருப்பவர்களைப்போல மீனுக்குள் சுருண்டிருக்கும். அந்த மீனை மனிதன் பச்சையாகத் தின்றால், வந்த இடம் பிழை என்று அதற்கு விளங்காது. வயிற்றுச் சுவரைத் துளைக்கப் பார்க்கும். அவித்தால் சாகும், இல்லாவிட்டால் நாட்கணக்காகப் பிரீசரில் உறைய வைத்தால் சாகும்.

பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டன் வந்து கிங்ஸ்பரியில் குடியேறினோம். என் மனைவியின் தம்பி ஸ்ட்ரெதமில் மீன்கடை வைத்திருந்தான். 'பிரீசர் காணாத மீன்' என்று வாசலில் பலகை. எங்கள் சனத்துக்குப் பிரீசர் மீன் என்றால் செத்த மீன். மற்ற மீன்கள் உயிரோடு நடந்து கடைக்கு வருகின்றன என்ற நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விம்பிள்டனில் இருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். ரயிலில் மனைவி சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, அங்கை போய்ப் புழுக்கதை வேண்டாம். போனமுறை அவன்ரை புதுவீட்டுச் சுவரிலை வெடிப்பு எண்ணினியள். மாசக்கணக்கா என்ரை போனையும் அவன் எடுக்கேல்லை. இந்த நாட்டிலை எனக்கு இருக்கிறது அந்த ஒரு சகோதரம்."

வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

மச்சானின் மனைவி ஒரு கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். மெல்லியதாய் வெட்டிய பச்சைக் கொட் மீன், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பிழிந்து விட்ட தேசிக்காய்ப் புளி.

"நாளையிலிருந்து கடையிலை விக்கப்போறன், அத்தான்" என்றான் மச்சான். "வெள்ளைக்காரன் வரிசையிலை நிப்பான்."

"அவிக்கேல்லையோ?"

"தேசிக்காய் அவிச்சிடும். மஞ்சளும் போட்டிருக்கு. மஞ்சளுக்குத் தப்பின கிருமி இருக்கோ?"

"பிரீசரிலையாவது வைச்சனீரோ?"

"என்ரை கடை மீனையோ? அவமானப்படுத்தாதேங்கோ, அத்தான்."

மேசைக்கடியில் மனைவி என் காலை மிதித்தாள். நிறுத்திக்கொண்டேன். ஆனால் அவள், தம்பியின் முகம் வாடக்கூடாதென்று, கரண்டி நிறைய அள்ளிவிட்டாள். வாய்க்குக் கிட்டப் போன கரண்டியைப் பறித்தேன். ஒரு துண்டைக் கண்ணாடித் தட்டில் வைத்து, கீழே கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்தேன். நடுவில் ஒரு சுருள்.

"அது நரம்பு" என்றான் மச்சான்.

சுருள் மெல்ல விரிந்து தலையைத் தூக்கியது.

"உங்கடை நரம்பு நடக்குது" என்றாள் அவன் மனைவி.

கோப்பையில் இன்னும் ஐந்து இருந்தன. வரிசையாக எடுத்து வைத்தேன்.

"நோர்வேயிலையிருந்து பொக்கற்றுக்கை போட்டுக்கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டான் மச்சான்.

மனைவி எழுந்து கோப்பையைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கொதித்துக்கொண்டிருந்த சொதிக்குள் கவிழ்த்தாள். "இப்ப சாப்பிடலாம்" என்றாள். அவிந்த புழு ஒன்றும் செய்யாது என்று நான் விளக்கினேன். என்னைத் தவிர எவரும் சொதி விடவில்லை.

இப்போது கடையில் ஆளுயரப் பிரீசர் நிற்கிறது. பலகை போய்விட்டது. தேசிக்காய் மீன் நன்றாக விற்கிறது. "வடதுருவத்து மீன் ஐஸிலையே பிறந்து வளர்ந்தது, ஐஸிலை வைச்சாத்தான் அதுக்குச் சுகம்" என்று மச்சான் வாடிக்கையாளர்களுக்கு வகுப்பெடுக்கிறான். என்னோடு கதைப்பதில்லை. நான் போனை எடுத்தால் துண்டித்துவிடுவான்; அக்கா எடுத்தால் ஒரு மணித்தியாலம் கதைப்பான்.

சனிக்கிழமைகளில் அவள் தனியாக ஸ்ட்ரெதம் போய், எனக்கும் ஒரு டப்பா தேசிக்காய் மீன் வாங்கி வருகிறாள். அவள் குளிக்கப் போனதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். போன கிழமை ஒன்று இருந்தது, செத்துப்போய். அவளிடம் சொல்லாமல் தின்றுவிட்டேன்.